இன்ஜின் இல்லாத வண்டி

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் என் வலது மணிக்கட்டும் நலம். அங்கே நீங்கள், அண்ணன், கடை எல்லோரும் நலமா? உங்கள் முதுகுவலி இப்போது தேவலையா?

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதீர்கள். நீங்கள் கல்லாவில் இருந்து போனை எடுத்தால், இரண்டடி தள்ளி லாரிகளுக்கு ஜி.பி.எஸ். மாட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் காதில் விழும். நான்தான் என்று தெரிந்ததும் அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அந்த மனிதனை எத்தனை டீதான் குடிக்க வைப்பது?

அவன் கோபம் நியாயம்தான். நான் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது, "இன்ஜின் இல்லாத விமானமா? உனக்குப் பைத்தியமா?" என்று கேட்காத ஆளில்லை. அவன் மட்டும் கேட்கவில்லை. "போ. ஆனா ஏதாவது ஆச்சுன்னா மொத போன் எனக்குத்தான் வரணும்" என்றான். அவன் போட்ட நிபந்தனை அவ்வளவுதான். போன வருடம் ஒரு வயலில் தடுமாறி இறங்கிக் கையை உடைத்துக்கொண்டேன். அவனுக்குச் சொல்லவில்லை. லென்ஸ் பட்டறையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, வர முடியாது என்று மாதக்கணக்கில் புளுகினேன். பாவம், என்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று அவனே கிளம்பி வந்து கதவைத் தட்டினான். மாவுக்கட்டுக் கையோடு திறந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பறப்பில் ஐந்து மணி நேரம் மேலேயே இருந்து, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பினால் எங்கள் கிளப்பில் பதக்கம் உண்டு. போனதை நிரூபிக்க, பாதையைப் பதிந்து வைக்கும் ஜி.பி.எஸ். கருவி வேண்டும். இதற்கென்றே விற்கிற கருவியின் விலையைக் கேட்டால் எனக்கு நெஞ்சு வலி வருகிறது. மலிவாக எது வாங்கலாம்? என் பெயரைச் சொல்லாமல் அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
வாலு

-

பிப்ரவரி 21

என் வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, என்னை விட்டுப் போக அதற்கு மனசில்லை. உன் அண்ணனுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கியது. மற்றபடி சுகம்.

உன் பெயரைச் சொல்லாமல்தான் கேட்டேன். "ஒரு கஸ்டமருங்க. ஏதோ கிளைடராம். விலை கம்மியா ஒரு கருவி வேணுமாம்" என்றேன். அவர் ஒரு லாரியின் டாஷ்போர்டுக்குள் கையை முழங்கை வரை விட்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கஸ்டமருக்குக் கை கூடிடுச்சா?" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தது என் தப்பு. அன்றிலிருந்து இந்த வீட்டில் உனக்கு 'கஸ்டமர்' என்று பெயர். சாப்பிட உட்கார்ந்தால், "உன் கஸ்டமரைக் கேளு, எத்தனை செகண்டுக்கு ஒரு புள்ளி வேணும்?" படுக்கப் போனால், "உன் கஸ்டமர்கிட்ட சொல்லு, வண்டிக்கு மாட்டுற டிராக்கரை வாங்கித் தொலைச்சிடப் போறா." ஏன், அதற்கு என்ன என்று கேட்டேன். "அது ரோட்டை விட்டு எங்கயும் போகாது" என்றார். எனக்குப் புரியவில்லை. உனக்காவது புரிகிறதா?

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடத்தான் செய்கிறது. ஆனால் உன் பெயரைச் சொல்வேனா என்கிறார். பிடிவாதத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. கேட்ட கேள்விகளுக்குப் பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

-

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே ஒரு குறையும் இல்லை. அண்ணனுக்குச் சர்க்கரை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கவனியுங்கள்.

ரோட்டை விட்டுப் போகாது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது, பட்ட பிறகு. எங்கள் கிளப்பில் டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். தன் டாக்ஸியின் டிராக்கரைக் கழற்றிக் கொடுத்தார். பறந்துவிட்டு வந்து வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அது வண்டிக்கான கருவி அல்லவா, நான் எங்கே இருந்தாலும் என்னைப் பிடித்துப் பக்கத்து ரோட்டில் வைத்துவிடுகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருந்தபோது நான் நெடுஞ்சாலையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஏறுகாற்றில் வட்டமடித்ததை எல்லாம் ஒரு ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்ததாகக் காட்டுகிறது. வழிதெரியாமல் திண்டாடிய டாக்ஸி மாதிரி.

என் போனையும் முயன்றுவிட்டேன். விமானி உட்காரும் கூண்டின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் சூடேறித் தானே அணைந்துவிட்டது. அணையாவிட்டாலும் தராசு ஒத்துக்கொள்ள மாட்டார். தராசு என்பது பட்டப்பெயர். மருந்துக்கடைக்காரர், எங்கள் பதிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர். "போன்ல இருக்கறத யார் வேணாலும் திருத்தலாம்மா" என்கிறார். அவர் கேட்பது ஒன்றுதான், கோடு நடுவில் எங்கேயும் அறுந்திருக்கக் கூடாது.

ஆக, சிம் கார்டு வேண்டாம், கருவிக்குள்ளேயே நினைவகம் இருக்க வேண்டும். நாலைந்து செகண்டுக்கு ஒரு புள்ளி, உயரத்தோடு. பேட்டரி ஆறு மணி நேரமாவது தாங்க வேண்டும்.

கஸ்டமரின் கை கூடிவிட்டது என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். மழை நாளில் கொஞ்சம் வலிக்கிறது. அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாலு

-

மார்ச் 19

என் வாலுக்கு,

எல்லோரும் சௌக்கியம். மருந்தை வேளைக்கு எடுத்துக்கொள்கிறார், நீ கேட்டதாகச் சொன்ன நாளிலிருந்து.

இத்துடன் பார்சல். தீப்பெட்டி அளவில் ஒன்று இருக்கும், அதுதான் கருவி. சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்காகச் செய்ததாம், அதனால் விலை உன் கைக்கு எட்டும். உன் அண்ணன் மூன்று தினுசு வரவழைத்து, மூன்றையும் தன் பைக்கின் முன்னால் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறி இறங்கினார். போலீஸ்காரர் நிறுத்தி இதெல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறார். "என் கஸ்டமருக்கு" என்றாராம். ஒன்று வளைவுகளில் கோட்டை விட்டது. ஒன்றுக்குப் பாதி வழியில் பேட்டரி தீர்ந்தது. இதுதான் புறப்பட்டதிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு புள்ளி விடாமல் எழுதியது. எல்லாவற்றையும் அவரே சரிசெய்து வைத்திருக்கிறார். நீ பொத்தானை அழுத்தினால் போதும்.

"வானம் தெரியுற இடத்துல ஒட்டச் சொல்லு. கால் படாம பாத்துக்கச் சொல்லு, சின்ன வயசுலேர்ந்து உதைக்கிற கால் அது" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கஸ்டமரின் சின்ன வயசு கடைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பிழைத்துப் போகட்டும்.

அண்ணி

-

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. முடித்துவிட்டேன் அண்ணி! ஐந்து மணி நேரத்துக்கும் மேல். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அணைக்கட்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

முதல் மூன்று மணி நேரம் குண்டும் குழியுமான ரோட்டில் போகிற பஸ் மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது. நாலாவது மணியில் மலைச்சரிவின் மேல் போய் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்காற்று சரிவில் மோதி மேலே வருகிறது, கிளைடர் அதில் மிதக்கிறது, ஒரு நடுக்கம் இல்லை. மடியில் தண்ணீர் டம்ளரை வைத்திருந்தால் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது. எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. இதை அவனுக்கு எப்படியாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அழுதுவிட்டேன், வெட்கம்தான்.

பதிவை நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைக் கணினிக்கு அனுப்பியிருக்கிறேன். முதலில் அவன் பார்க்கட்டும். சனிக்கிழமை தராசு பார்ப்பார். கடைக்காரர் என்ன சொன்னார் என்று ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
வாலு

-

ஏப்ரல் 23

வாலு,

நலம். நீயும் நலம்தானே.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நாலாவது மணி நேரத்தில் நாற்பது நிமிடத்துக்குக் கோடே இல்லை. மலைக்குப் பக்கத்தில் அறுந்து, அப்புறம் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. உன் அண்ணன் திரும்பத் திரும்பப் பார்த்தார். "பேட்டரி இருக்கு. சிக்னல் இருக்கு. தானா நிக்காது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்குக் கையை மறைச்சா. இன்னைக்கு எதை மறைக்கிறாளோ" என்றார். கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கஸ்டமர் என்ற பேச்சே இப்போது வீட்டில் இல்லை.

அந்த நேரத்தில் என்னம்மா நடந்தது? எங்கேயாவது விழுந்தாயா? போகக்கூடாத இடத்துக்குப் போனாயா? எதுவானாலும் என்னிடம் சொல். திட்ட மாட்டேன்.

அண்ணி

-

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் எதையும் அணைக்கவில்லை. விழவில்லை. எங்கும் போகவில்லை. அந்த நாற்பது நிமிடமும் மலைச்சரிவின் மேல்தான் இருந்தேன், உங்களுக்கு எழுதினேனே, அந்த நேரம்தான். ஏன் அறுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் இதை நிரூபிக்க முடியாது.

தராசும் தள்ளிவிட்டார். "நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலம்மா. கோடு இல்லன்னுதான் சொல்றேன்" என்றார். அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. பதக்கம் போனால் போகட்டும், இன்னொரு நாள் பறந்துகொள்ளலாம். அண்ணன் அப்படி நினைத்துவிட்டானே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஒரு தடவை மறைத்தவள்தான். அதற்காக இனி நான் சொல்லும் நல்லதைக்கூட நம்ப மாட்டானா?

நீங்களாவது நம்புகிறீர்களா அண்ணி?

வாலு

-

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் போன கடிதம் கிடைத்திருக்கும்.

பட்டறையில் வேலை சரியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்கிறேன், அறையைச் சுத்தம் செய்கிறேன். இந்த ஜன்னலை இத்தனை நாளாக நான் துடைத்ததே இல்லை போலிருக்கிறது.

கருவியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். யாராவது சைக்கிள்காரருக்குப் பயன்படும். முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு

-

ஜூன் 20

என் கண்ணு வாலுக்கு,

முதலில் என்னைத் திட்டிவிடு. ஒன்றரை மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நம்புகிறீர்களா என்று நீ கேட்டாய். ஆமாம் என்று எழுதப் பேனாவை எடுப்பேன், உள்ளே எங்கேயோ ஒரு சின்ன சந்தேகம் இருக்கும், வைத்துவிடுவேன். பொய்யாக எழுத மனசு வரவில்லை. அதற்காக உன்னைத் தனியாகத் தவிக்க விட்டேனே, எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

முந்தாநாள் நடந்ததைக் கேள். அணைக்கட்டில் பாய்மரப் படகு வைத்து விடுமுறைக்காரர்களை ஏற்றுகிறவர் ஒருவர், உனக்கு அனுப்பியது போலவே ஒரு கருவியை எங்கள் கடையில் வாங்கியிருந்தார். மூக்குக்கு மேல் கோபத்தோடு வந்து அதைக் கல்லாவில் வைத்தார். "என்னங்க இது? மோட்டார் ஓடுறப்ப எழுதுது. மோட்டாரை நிறுத்திப் பாயை விரிச்சேன்னா தூங்கிடுது. தண்ணி அசையாம இருந்தாப் போதும், இதுக்கு நான் கரையில நிக்கிற மாதிரி!" என்றார்.

உன் அண்ணன் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை. வேலை செய்கிற சத்தமும் நின்றுவிட்டது. என்னவோ ஏதோ என்று குனிந்து பார்த்தேன். பேயறைந்தவர் மாதிரி அப்படியே கிடந்தார்.

வண்டிகளில் மாட்டும்போது பேட்டரி வீணாகாமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டாம். நடுக்கம் இருந்தால் வண்டி ஓடுகிறது, நடுக்கம் நின்றால் வண்டி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கருவி தூங்கிவிடும். லாரிக்கு வைக்கிற அந்த ஏற்பாட்டைப் பழக்கதோஷத்தில் உன் அண்ணன் படகுக்காரர் கருவிக்கும் உன் கருவிக்கும் வைத்துவிட்டார். சோதித்துப் பார்த்ததோ பைக்கில். அந்த பைக் போடுகிற ஆட்டத்தில் செத்தவனே எழுந்து உட்காருவான், கருவி எங்கே தூங்கும்? இன்ஜின் இல்லாத வண்டி எதற்கும் அவர் ஆயுளில் கருவி மாட்டியதில்லை. நீ சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் நின்றாயே, நீ நிறுத்திவிட்டுப் போய்விட்டாய் என்று நினைத்து அது தூங்கியிருக்கிறது.

படகுக்காரர் போனதும் உன் கடிதங்களைக் கேட்டார். ஏப்ரல் 14ஆம் தேதிக் கடிதத்தை நின்றபடியே படித்தார். ரொம்ப நேரம் மடிக்கவே இல்லை.

கருவி மறுபடி உன்னிடமே வருகிறது. தூங்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, என் துணி அலமாரிக்குள் ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்துச் சோதித்துவிட்டார். பெட்டிக்குள் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கும். நாலு தாளைக் கசக்கிப் போட்ட பிறகு எழுதிய ஒரு வரி அது: "தூங்கினது கருவி, நீ எதையும் மறைக்கல." ஜன்னல் துடைத்தது போதும். போய்ப் பற.

அண்ணி

-

ஜூலை 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். கை நலம். நீ எப்படி இருக்கிறாய்? இப்படி உன்னை நேராகக் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

நேற்றுப் பறந்தேன். ஐந்து மணி நேரமும் ஆனது, அணைக்கட்டையும் சுற்றினேன். பதிவை இன்னும் உனக்கு அனுப்பவில்லை. இந்தக் கடிதம் உன் கையில் சேரட்டும், அப்புறம் அனுப்புகிறேன். கோடு சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

மூன்றாவது மணி நேரத்தில், அணைக்கட்டிலிருந்து திரும்பும் வழியில், ஓர் இடம் வரும். ஏறுகாற்று எங்குமே கிடைக்காமல் இறங்கிக்கொண்டே வந்தேன். கீழே மாடுகள் தலை தூக்கிப் பார்ப்பது தெரிகிற அளவுக்கு. இறங்க ஒரு வயலைத் தேர்ந்து வைத்துவிட்டேன். போன வருடத்து வயல் கண் முன்னால் வந்தது. பயந்துவிட்டேன் அண்ணா. கடைசி முயற்சியாக அந்த வயலுக்கு மேலேயே வட்டமிட்டேன். அப்புறம் ஏறிவிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

தராசிடமும் அடுத்த வாரம்தான் கொடுக்கப் போகிறேன். அண்ணியிடம் என் அன்பைச் சொல்.

உன்
வாலு

-

ஆகஸ்ட் 9

வாலு,

நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எந்தக் கடிதத்திலும் முதலில் உடம்பைப் பற்றி எழுத வேண்டும் என்று உன் அண்ணி பக்கத்தில் நின்று சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. பிறகு பதிவும் வந்தது. அதைக் கணினியில் ஓட்டினால் ஒரு சின்ன அம்புக்குறி வரைபடத்தின் மேல் போகும். வேகத்தைக் கூட்டினால் ஐந்து மணி நேரத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். லாரி முதலாளிகளுக்கு அப்படித்தான் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். வேகத்தைக் கூட்டக் கை போனது. ஆனால் கூட்டவில்லை. நீ அங்கே ஒவ்வொரு நிமிடமாக உட்கார்ந்திருக்கிறாய், நான் எப்படித் தாண்டிப் போவது?

அண்ணி எட்டிப் பார்த்தாள். "இது எப்பவோ முடிஞ்சதுங்க. அவ இறங்கி, சாப்பிட்டு, தூங்கி, உங்களுக்குக் கடுதாசியும் போட்டாச்சு" என்றாள். எனக்குத் தெரியாதா? தெரியும். நீ சொன்ன இடம் வந்தது. உயரம் குறைந்துகொண்டே இருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "திரும்பு, திரும்புடி" என்று கத்தியிருக்கிறேன், எதிர் பஞ்சர் கடைக்காரர் கதவுக்கு அடியில் குனிந்து என்னாச்சு என்று கேட்டார். நீ ஒரு வட்டம் போட்டாய். ஒன்றும் இல்லை. இன்னொன்று போட்டாய். உயரம் அப்படியே நின்றது. அதற்கு அடுத்த வட்டத்தில் ஏறினாய். அப்போதுதான் நாற்காலி இருக்கிற ஞாபகம் வந்து உட்கார்ந்தேன்.

கை உடைந்ததைச் சொல்லவில்லை என்றுதான் நான் கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்திருப்பாய். அது இல்லை. அந்த நாட்களில் நீ ஒற்றைக் கையால் தலை வாரிக்கொண்டு அந்த அறையில் கிடந்திருக்கிறாய். நான் இங்கே, நீ நன்றாக இருப்பதாக நினைத்து, கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டு சிரித்துத் திரிந்திருக்கிறேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம் நாற்பது நிமிடக் கோட்டுக்காக உன்னைச் சந்தேகப்பட்டேனே, அதுவும் தாங்கவில்லை.

நீ இறங்கி அம்புக்குறி அசையாமல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் சாப்பிடப் போனேன்.

இதை மடித்து உறையில் போட்ட பிறகு அண்ணி தலையில் அடித்துக்கொள்கிறாள், முக்கியமானதைக் கேட்கவே இல்லையாம். அதனால் பிரித்து எழுதுகிறேன். பதக்கம் கொடுத்தார்களா?

உன்
அண்ணன்